முன்பல்லில் வெள்ளைத் திட்டு: காத்திருப்பதா, வெளுப்பதா, தேய்ப்பதா, ஊறவைப்பதா?

கிளிப் கழற்றிய அன்று எல்லாரும் முதலில் கேட்பது கண்ணாடியைத்தான். இரண்டு வருடமாக வாயை மூடியே சிரித்த பிள்ளை, வரிசைகட்டி நிற்கும் பல்லைப் பார்த்து அன்றுதான் முழுசாகச் சிரிக்கும். போன வருடம் வந்த பதினோராம் வகுப்புப் பெண்ணும் அப்படித்தான் சிரித்தாள். பின்னால் நின்ற அம்மாவுக்குத்தான் முகம் மாறியது. "மேடம், இது என்ன சுத்தி வெள்ளை வெள்ளையா இருக்கு?"

கிளிப் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு வில்லையான பிராக்கெட் இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றி, ஈறு ஓரமாக, சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு சட்டம். ஆறு பற்களில். அடுத்த வாரமே அவர் வேறு இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஓரிடத்தில் பிளீச்சிங் என்றார்களாம், இன்னோரிடத்தில் ஆறு பல்லுக்கும் வெனீர், அதாவது பல்லைச் சீவி மேலே ஒட்டும் மெல்லிய ஓடு, என்றார்களாம். "ஆளுக்கொன்னு சொன்னா நான் யாரை நம்பறது?" என்று கேட்டார். நான் சொன்னது மூன்றாவது விதம்: இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அன்று நின்றுகொண்டே சொன்ன பதிலை இங்கே உட்கார்ந்து சொல்கிறேன். சேலத்தில் பல் வைத்தியம் பார்க்கிறேன். கிளிப் போட்ட பற்களும், தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீரில் வளர்ந்த பற்களும் ஒரே நாளில் ஒரே நாற்காலிக்கு வரும். பார்க்க இரண்டும் வெள்ளைத் திட்டுதான், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

அந்த வெள்ளை எது?

பல்லின் வெளி ஓடான எனாமல் எடையில் 96 விழுக்காடு கனிமம். ஒளியை ஓரளவு உள்ளே விடும். நம் கண்ணுக்குத் தெரியும் பல் நிறத்தில் பெரும்பகுதி, அதன் அடியிலிருக்கும் டென்டினின் இளமஞ்சள்தான். அமிலம் பட்டோ, உருவாகும்போதே குறை வைத்தோ, எனாமலுக்குள் கனிமம் குறைந்து நுண்துளைகள் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் ஒளி சிதறித் திரும்பிவிடும். கற்கண்டும் அதை இடித்த பொடியும் ஒரே சர்க்கரைதானே. கற்கண்டு தெளிவாக இருக்கிறது, பொடி வெள்ளையாக இருக்கிறது. இடையில் புகுந்த காற்றுதான் வித்தியாசம். வெள்ளைத் திட்டும் அப்படித்தான். பல்லின் மேல் ஒட்டிய கறையாக இருந்தால் துலக்கிப் போக்கலாம். இங்கே துலக்கிப் போக்க எதுவும் இல்லை. கரித்தூள், எலுமிச்சை, பேக்கிங் சோடா என்று வீட்டில் தேய்த்துவிட்டு வருகிறவர்கள் நல்ல எனாமலையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இதைக் கணக்கிலும் சொல்லலாம். ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதே ஒளிவிலகல் எண், பக்கத்துப் பக்கத்துப் பொருள்களுக்கு அது எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஒளி சிதறும். ஒளிவிலகல் எண் எனாமலுக்கு ஏறக்குறைய 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைக்குள் எச்சில் இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, திட்டும் மங்கல். காய்ந்து காற்று புகுந்தால் திட்டு பளீரென்று எழும்பும். வாய் திறந்து தூங்குகிறவர்கள் காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பதறுவது இதனால்தான். ரிசப்ஷன் மேடையில் இரண்டு மணி நேரம் சிரித்தபடியே நின்ற மணப்பெண்ணின் பல், நேரில் தெரியாத வெள்ளையைப் போட்டோவில் காட்டுவதும் இதனால்தான்.

திட்டின் ஆழத்தை நாங்கள் மதிப்பிடுவதும் இதை வைத்தே. பல் ஈரமாக இருக்கும்போது தெரியாமல், சில விநாடி காற்றடித்துக் காயவைத்த பிறகு மட்டும் தெரிந்தால் மேலோட்டமானது. ஈரத்திலேயே தெரிந்தால் இன்னும் உள்ளே போயிருக்கிறது. பல்லின் பின்பக்கமிருந்து விளக்கடித்துப் பார்க்கும்போது திட்டு கருநிழலாக விழுந்தால் நன்றாக ஆழம். மருத்துவர் இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆழத்துக்கு அடுத்தது காரணம். கிளிப் திட்டு அமிலத்தால் வந்தது: பிராக்கெட் ஓரத்தில் தங்கிய அழுக்கில் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி, வாயின் பிஹெச் 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் கனிமம் கரைந்திருக்கிறது. அதாவது சொத்தையின் முதல் படி. ஃபுளோரோசிஸ் அப்படியல்ல. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு உள்ளே போனதால், முளைக்கும்போதே குறையோடு வருவது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மேகம் படர்ந்ததுபோல, குறுக்கே மெல்லிய கோடுகளாக இருக்கும். நாளடைவில் பழுப்பும் ஏறும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வளர்ந்த தலைமுறையின் பல் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது என்றாலும், அதற்கு முன்பே உருவாகிவிட்ட முன்பற்களுக்கு அதனால் பயனில்லை. மூன்றாவது, எம்ஐஹெச் எனப்படும், எனாமல் சரியாகக் கெட்டிப்படாமலே பல் முளைக்கும் குறை: ஓரிரு முன்பற்களில் எல்லை தெளிவாகத் தெரியும் வெள்ளை அல்லது மஞ்சள் திட்டு, கூடவே ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பற்களிலும் பாதிப்பு. இது பெரும்பாலும் அடியாழத்திலிருந்தே வரும். நான்காவது, பால் பல் அடிபட்டதால் அதன் கீழே இருந்த நிரந்தரப் பல்லில் விழுந்த ஒற்றைத் திட்டு.

காத்திருப்பது

கிளிப் திட்டுக்கு மட்டும்தான் தானாகக் குறையும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பிராக்கெட் போனதும் அழுக்கு தங்க இடமில்லை. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் துளைகளுக்குள் திரும்பப் படியத் தொடங்கும். முதல் சில வாரங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஏறத்தாழ ஆறு மாதம்வரை மாற்றம் தெரியும். இந்த ஆறு மாதத்துக்குள் வெனீருக்கு நாள் குறிப்பது, காய்ச்சல் தணியுமுன் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சொத்தைக்கு ஃபுளோரைடு நல்லது என்பதால் கிளிப் கழற்றிய அன்றே 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசத் தோன்றும். அதில் ஃபுளோரைடு 22,600 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 22,600 பங்கு. கடைவாய்ப்பல்லில் பூசலாம், தப்பில்லை. வெளியே தெரியும் முன்பல்லில் அவ்வளவு செறிவைப் பூசினால் திட்டின் மேல்பரப்பு சட்டென்று இறுகிவிடும், உள்துளைகள் அப்படியே அடைபட்டு நிற்கும். சொத்தை நின்றுவிடும், வெள்ளை மட்டும் நிலைத்துவிடும். பல்லைக் காப்பாற்ற அது சரி, அழகுக்குச் சரியல்ல. அதனால் முன்பல் திட்டுக்கு அன்றாட ஃபுளோரைடு பேஸ்ட்டும் பொறுமையுமே என் முதல் மருந்து. இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்-க்கு மிஞ்சக் கூடாது என்பது விதி, அந்த அளவு இதற்குப் போதும். ஆனால் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். மூலிகைப் பேஸ்ட் என்று வாங்குவதில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது.

பாலின் கேசீன் புரதத்திலிருந்து எடுக்கும் சிபிபி-ஏசிபி கிரீம் ஒன்றும் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு உருவாக்கியது, கடையில் டூத் மூஸ் என்று கிடைக்கும். கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைந்த நிலையில் பல்லருகே நிறுத்திவைப்பது அதன் வேலை. நல்ல யோசனைதான். ஆனால் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டைவிட அது எவ்வளவு கூடுதலாக உதவுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கேட்டால் எழுதித் தருகிறேன், நானாக வற்புறுத்துவதில்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அறவே வேண்டாம்.

ஃபுளோரோசிஸுக்கும் எம்ஐஹெச்சுக்கும் காத்திருப்பதால் நிறம் மாறாது. அவர்களைக் காக்க வைப்பதில் அர்த்தமில்லை.

வெளுப்பதும் தேய்ப்பதும்

பிளீச்சிங் வெள்ளைத் திட்டை எடுக்காது. சுற்றியுள்ள பல்லை வெளுத்து, திட்டைக் கூட்டத்தில் மறைத்துவிடும். வீட்டில் இரவில் ட்ரேயில் வைத்துப் போட்டுக்கொள்ளும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு இரண்டு மூன்று வாரத்தில் இதைச் செய்யும். முதல் சில நாள் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நள்ளிரவில் போன் வரும். பல் கூச்சம் சில நாள் இருந்து போகும். பல் ஏற்கெனவே மஞ்சளாகவும் திட்டு மெல்லியதாகவும் இருக்கிறவர்களுக்கு இது மட்டுமே போதுமானதாகிவிடுவதுண்டு. எனாமல் துளியும் குறைவதில்லை என்பது இதன் பெரிய பலம். 18 வயதுக்குக் கீழே நான் செய்வதில்லை. அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு முதல் இடத்தில் சொன்ன பிளீச்சிங்கை நான் ஏற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மைக்ரோஅப்ரேஷன் என்பது அமிலத்தையும் உராயும் தூளையும் குழைத்து மேல்பரப்பைத் தேய்த்தெடுப்பது. 1986-ல் க்ரோல், கவனா என்ற இருவர் 18 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பியூமிஸ் தூளும் கலந்து செய்த முறை இதற்கு அடித்தளம். இப்போது வரும் பசைகளில் அமிலம் 6.6 விழுக்காடு அளவுக்குக் குறைந்து, கூடவே சிலிகான் கார்பைடு தூள் இருக்கும். போகும் எனாமல் 100 முதல் 200 மைக்ரான்வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ. முன்பல்லின் நடுவில் எனாமல் மொத்தமே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருமுறை தேய்க்கலாம். வருடா வருடம் தேய்க்கிற வேலையல்ல.

ஃபுளோரோசிஸின் பழுப்புக் கறைக்கு இதை மிஞ்சியது இல்லை என்பேன், ஏனென்றால் அந்தப் பழுப்பு மேல்பரப்பில்தான் ஏறியிருக்கும். ஆழமான வெள்ளைக்கு இது வீண் வேலை. தேய்க்கத் தேய்க்க வெள்ளை போகாது, எனாமல் மெலிந்து அடியிலுள்ள மஞ்சள்தான் எட்டிப்பார்க்கும்.

ரெசினில் ஊறவைப்பது

பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்து தெரியும். காகித நாருக்கு நடுவிலிருந்த காற்றை எண்ணெய் விரட்டிவிட்டது, எண்ணெயின் ஒளிவிலகல் எண் நாருக்குக் கிட்டே இருக்கிறது, அதனால் ஒளி சிதறாமல் கடக்கிறது. ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் இதையேதான் பல்லில் செய்கிறது. தண்ணீர்போல் ஓடும் ஒரு ரெசின், அதாவது செயற்கைப் பிசின், துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, விளக்கொளியில் கெட்டியாகிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52. எனாமலின் 1.62-ஐ முழுதாகத் தொடாவிட்டாலும் கண்ணை ஏமாற்ற அது போதும்.

பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையிலும் கீல் பல்கலைக்கழகத்திலும் ஹென்ட்ரிக் மேயர்-லூக்கல், செபாஸ்டியன் பாரிஸ் ஆகியோர் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது இது. ஹாம்பர்க்கின் டிஎம்ஜி நிறுவனம் 2009-ல் ஐகான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் பற்களுக்கு இடையிலான ஆரம்பச் சொத்தையை நிறுத்தத்தான் யோசித்தார்கள். வெள்ளை மறைவது கூடுதல் வரவு, இப்போது பலர் கேட்டு வருவது அந்த வரவுக்காகத்தான்.

நாற்காலியில் நடப்பது இது. ஈறைக் காக்க, பல் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டுவோம். இதைத் தவிர்க்கிற இடத்தில் உட்காராதீர்கள், பூசப்போவது 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம். திட்டின் மேல் ஒரு மெல்லிய மூடி போல நல்ல எனாமல் இறுகியிருக்கும். வழக்கமாக ஃபில்லிங்குக்குப் பூசும் பாஸ்பாரிக் அமிலத்தால் அது சரியாகத் திறக்காது என்பதால்தான் இந்த அமிலம். இரண்டு நிமிடம் வைத்துக் கழுவி, காயவைத்து, எத்தனால் சொட்டு 30 விநாடி. இந்த இடம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எத்தனால் துளைக்குள் புகும்போதே திட்டு மங்குகிறதா என்று தெரிந்துவிடும். மங்கினால் ரெசினும் உள்ளே போகும். மங்காவிட்டால் மூடி இன்னும் திறக்கவில்லை, மறுபடி அமிலம். இரண்டு மூன்று தடவை பார்த்தும் அசையாவிட்டால் திட்டு அடியாழத்தில் இருக்கிறது, இந்த முறை முழுதாகக் கைகொடுக்காது என்று அப்போதே சொல்லிவிடலாம். மங்கியவருக்கு ரெசின் மூன்று நிமிடம், விளக்கு 40 விநாடி, மறுபடி ரெசின் ஒரு நிமிடம், மறுபடி விளக்கு, பாலிஷ். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். சில பற்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். உலர்ந்த பல் அன்றைக்குக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஒரு வாரம் கழித்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும்.

பலன் எவ்வளவு? 2011-ல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். கிளிப் திட்டு இருந்த 18 பற்களில் 11 முழுதாக மறைந்தன, 6 ஓரளவு, ஒன்று அப்படியே. பிறப்பிலேயே குறையோடு வந்த 20 பற்களில் 5 முழுதாக, 7 ஓரளவு, 8 அப்படியே. எண்ணிக்கை சிறிது, ஆனால் என் நாற்காலியில் பார்ப்பதும் ஏறக்குறைய இந்தச் சாயலில்தான். கிளிப் திட்டுக்கு இது பொருந்திய வைத்தியம். மற்றதற்கு முயன்று பார்க்கத்தக்க வைத்தியம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அமிலம் சில பத்து மைக்ரான் மேல்பரப்பை எடுக்கிறது. துளைக்குள் ரெசின் போய்விட்டால் இனி அங்கே கனிமம் படிய இடமில்லை. ஆகவே இதுவும் திரும்பிவர முடியாத வழிதான், ஆனால் கொடுக்கும் விலை சிறிது. பல்லில் பள்ளம் விழுந்திருந்தால் ரெசின் அதை நிரப்பாது. காபி, மஞ்சள், புகையிலை ரெசினில் ஏறும், அவ்வப்போது பாலிஷ் தேவைப்படும். சில ஆண்டுகள்வரை கவனித்த ஆய்வுகளில் நிறம் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. முப்பது வருடம் தாங்குமா என்று கேட்டால், முறைக்கே அந்த வயது ஆகவில்லை. கிட் இறக்குமதி என்பதால் செலவும் பிளீச்சிங்கைவிடக் கூடும்.

ரொம்பக் காலம் காத்திருந்தால் மேல் மூடி தடித்து, ரெசினுக்கு வழி கடினமாகும் என்பதும் உண்மை. அதனால்தான் ஆறு மாதம் என்கிறேன், ஆறு வருடம் என்று சொல்வதில்லை.

வெனீர் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பீங்கான் வெனீருக்குப் பொதுவாக 0.3 முதல் 0.7 மி.மீ. பல்லைச் சீவ வேண்டும். அழகாக இருக்கும், எந்த வெள்ளையையும் மறைக்கும். 16 வயதில் சீவினால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போக வேண்டிய ஒரு வரிசை தொடங்குகிறது. உடைந்த பல், உருவமே சரியில்லாத பல், குழிவிழுந்த கடும் ஃபுளோரோசிஸ் என்றால் நானே சொல்வேன். வெறும் வெள்ளைக்கு மாட்டேன். ஒற்றைப் பல்லில் ஆழமான திட்டு என்றால் அந்த இடத்தை மட்டும் லேசாகக் குடைந்து, காம்போசிட் என்ற பல் நிற ஃபில்லிங் வைக்கலாம். ஒரே வருகையில் முடியும், சில வருடத்தில் நிறம் மாறினால் சரிசெய்துகொள்ளலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கையில் அம்மாவும் பெண்ணுமாக வருவது வாடிக்கை. மஞ்சள் பல், மேலே மேகம்போல் ஃபுளோரோசிஸ். கணக்கு இப்படி: பிளீச்சிங் இரண்டு வாரம். முடிந்த உடனே ரெசின் வைத்தால் பல்லில் தங்கிய ஆக்ஸிஜன் ஒட்டவிடாது, அதற்கு இன்னும் இரண்டு வாரம். ஐந்தாவது வாரம் ரெசின், ஆறாவது வாரம் நிறம் அடங்க. நாள் பொருந்துகிறது, ஆனால் ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும், கணக்கு உடைந்துவிடும். மூன்று வாரம்தான் இருக்கிறது என்று வந்தால் பிளீச்சிங்கோடு நிறுத்தச் சொல்கிறேன். இரண்டு வாரம் என்றால் சுத்தம் செய்து பாலிஷ் மட்டும். நாள் இல்லை என்பதற்காக வெனீருக்குத் தாவ வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து வந்த 24 வயது இளைஞர், போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். "ஊர்த் தண்ணி மேடம், எங்க தெருவுல எல்லாருக்கும் இதே பல்லுதான்" என்றார். முன்னிரண்டு பற்களில் பழுப்பு, மற்றதில் வெள்ளைக் கோடுகள். பழுப்புக்கு மைக்ரோஅப்ரேஷன், பிறகு பிளீச்சிங். ரெசினுக்கு நாள் கொடுத்திருந்தேன். பழுப்பு போனதும் அதுவே போதும் என்று வரவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒன்பது வயதுப் பையன், எம்ஐஹெச். அம்மா காட்டியது முன்பல் திட்டு, நான் பார்த்தது கடைவாய்ப்பல். அதில் எனாமல் பொடிந்துகொண்டிருந்தது. முதல் வேலை அங்கேதான். முன்பல்லுக்கு, பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்பதால், எதையும் குடையாமல் மேலே மெல்லிய காம்போசிட் ஒட்டிவைத்தோம். ஈறு நிலைகொள்ளும் வயதில் மறுபடி யோசிக்கலாம்.

அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் ஆறு மாதம் கழித்து வந்தாள். முதல் நாள் எடுத்த போட்டோவையும் அன்றைய பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆறில் மூன்று பல்லில் தேடினால்தான் தெரிந்தது. பக்கப்பற்கள் இரண்டில் சட்டம் அப்படியே நின்றது. அவை இரண்டுக்கு மட்டும் ரெசின் வைத்தேன், எத்தனாலிலேயே மங்கின. கோரைப்பல் ஒன்றில் ஈறோரம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அதையும் முடிச்சிடலாமே மேடம்" என்றார் அம்மா.

"அது எனக்கே தெரியலம்மா, நீ மட்டும்தான் பாக்குற" என்று சொல்லிவிட்டு அவள் ஏப்ரனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.